ஆஜுர்ரூமிய்யாவா, மதீனா பாடநூலா? அரபு இலக்கணத்தை எதில் தொடங்கலாம்

குர்ஆன் எழுத்துக்கூட்டி ஓதத் தெரியும், பொருள் தெரியாது. அரபு இலக்கணம் பக்கம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் வருகிறார்கள். அவர்கள் முன்னால் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று மதரஸாக்கள் நூற்றாண்டுகளாகப் போற்றும் ஆஜுர்ரூமிய்யா என்ற இலக்கண நூல். மற்றொன்று மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபு அல்லாத மாணவர்களுக்காக உருவான ‘துரூஸுல் லுகத்தில் அரபிய்யா’ வரிசை. இதை எழுதிய வி. அப்துர் ரஹீம் வாணியம்பாடிக்காரர்.

ஆஜுர்ரூமிய்யாவை இயற்றியவர் மொரோக்கோவின் ஃபாஸ் நகரத்து இப்னு ஆஜுர்ரூம். ஹிஜ்ரி 723இல் (கி.பி. 1323) இறந்தவர். நூல் சில பக்கங்கள்தான். சொல் மூன்று வகை: இஸ்ம் (பெயர்), ஃபிஅல் (வினை), ஹர்ஃப் (இடைச்சொல் போன்றது). கடைசியில் தன்வீனோ (‘ன்’ ஒலி) முன்னால் ‘அல்’லோ (ஆங்கில ‘the’ போன்றது) ஏற்றால் அது பெயர். ‘கத்’, ‘ஸவ்ஃப’ முன்னால் வந்தால் வினை. இரண்டுக்கும் இடம் தராதது ஹர்ஃப். அடுத்து இஅராப், அதாவது சொல்லின் கடைசி ஏன் மாறுகிறது என்ற கணக்கு. கடைசி ஏற்கும் நான்கு நிலைகளில் ரஃப்உக்கு 4 அடையாளம், நஸ்புக்கு 5, கஃப்ளுக்கு 3, ஜஸ்முக்கு 2, ஆக 14. ‘கஃப்ளு’ என்பது கூஃபா இலக்கணவாதிகளின் சொல். மற்ற நூல்களில் அதையே ‘ஜர்ரு’ என்பார்கள். இரண்டும் ஒன்று என்று தெரியாமல் குழம்புகிறவர்கள் நிறைய.

இதன் பலம் முழுமை. மூலத்தை மனனம் செய்துவிட்டால் ஒரு சொல்லின் கடைசியைப் பார்த்ததும் காரணம் கேட்கும் பழக்கம் வந்துவிடும். பலவீனம், இது இலக்கணம் சொல்லுமே தவிர மொழி கற்றுத் தராது. அரபு தெரிந்த பிள்ளைக்கு அதன் விதியைச் சொல்லும் நூல் இது. ‘ஜாஅ ஸைதுன்’ (ஸைது வந்தான்) என்ற உதாரணத்தைச் சுற்றி விளக்கம் வளர்ந்துகொண்டே போகும். ஆறு மாதம் கழித்தும் ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று சொல்ல வராது. உஸ்தாத் (ஆசிரியர்) இல்லாமல் தனியே தொடங்கினால் அநேகமாக ‘ஐந்து பெயர்கள்’ (கடைசியில் உயிர்க்குறிக்குப் பதிலாக எழுத்தே மாறும் ஐந்து சொற்கள்) வரும் இடத்தில் நின்றுவிடும்.

மதீனா நூல் நேர் எதிர்த் திசையில் போகிறது. முதல் பாடமே ‘ஹாதா பைத்துன்’, இது வீடு. இங்கே தமிழருக்கு ஒரு வசதி உண்டு. ‘இது வீடு’ என்பதில் நமக்கும் நடுவில் வினை கிடையாது, அரபியிலும் கிடையாது. மூன்றாம் பாடத்தில் ‘அல்’ வருகிறது, கூடவே ஒரு பொறியும். ‘ஹாதா பைத்துன்’ முழு வாக்கியம். ‘ஹாதல் பைத்து’ என்றால் ‘இந்த வீடு’ மட்டுமே, இன்னும் பயனிலை வரவில்லை. தமிழில் இது, இந்த என்று இரண்டு சொல். அரபியில் ஒரே சொல்தான், வேறுபாட்டை ‘அல்’ சுமக்கிறது. அந்த இரண்டு எழுத்தை விட்டால் பொருளே மாறிவிடும்.

ஐந்தாம் பாடத்தில் இளாஃபத், அதாவது உடைமைத் தொடர். ‘முஹம்மதின் புத்தகம்’ அரபியில் ‘கிதாபு முஹம்மதின்’. வரிசை தலைகீழ், ஆனால் ‘முஹம்மதின்’ இரு மொழியிலும் ஒரே ஒலி! தற்செயல்தான் என்றாலும் நினைவில் வைக்க இதைவிட நல்ல கயிறு கிடைக்காது. இங்கே வழக்கமாக விழும் தவறு முதல் சொல்லுக்கு ‘அல்’ போடுவது. ‘அல்கிதாபு முஹம்மதின்’ என்பது பிழை. முதல் சொல் ‘அல்’லையும் ஏற்காது, தன்வீனையும் ஏற்காது.

பன்மையில் இன்னொரு ஒற்றுமை. மனிதரல்லாதவற்றின் பன்மையை அரபி பெண்பால் ஒருமையாக நடத்தும்: ‘ஹாதிஹி குதுபுன்’, இவை புத்தகங்கள். உயர்திணை, அஃறிணை பிரித்துப் பழகிய நமக்கு இது அந்நியமாக இருக்காது. பேச்சில் ‘புத்தகங்கள் இருக்குது’ என்றுதானே சொல்கிறோம்? மாறாக வினையில் தமிழ்ப் பழக்கம் காலை வாரும். ‘மாணவர்கள் சென்றார்கள்’ என்பதை ‘தஹபூ அத்துல்லாபு’ என்று எழுதிவிடுகிறார்கள். வினை முன்னால் வந்தால் ஒருமைதான்: ‘தஹபத் துல்லாபு’. எழுவாய் முன்னால் வந்தால் மட்டும் ‘அத்துல்லாபு தஹபூ’.

மதீனா நூலின் குறை, விதியை அது உரக்கச் சொல்வதில்லை. உதாரணங்களும் பயிற்சிகளும்தான், எல்லாம் அரபியிலேயே. விதியை ஆசிரியர் எடுத்துச் சொல்வார் என்று நம்பி எழுதப்பட்ட நூல் அது. நிகழ்கால வினையும் முறையாக வருவது இரண்டாம் பாகத்தில்தான். அதுவரை காத்திருப்பது சிலருக்குப் பொறுமையைச் சோதிக்கும்.

இரண்டுமே கைவிடும் இடம் ஸர்ஃபு, சொல்லின் உருமாற்றம். ஆஜுர்ரூமிய்யா முழுக்க நஹ்வு (வாக்கிய இலக்கணம்), ஸர்ஃபு அதில் இல்லை. மதீனா நூல் அதைத் துண்டு துண்டாகத்தான் தருகிறது. ஸர்ஃபு தெரியாமல் அரபு அகராதியைத் திறக்கவே முடியாது. ‘மக்தபா’ (நூலகம்) என்ற சொல்லைப் பல அகராதிகளில் ‘ம’வில் தேடினால் கிடைக்காது. அதன் வேர் க-த-ப, அங்கேதான் இருக்கும். ‘கால’ (சொன்னான்) ‘குல்து’ (சொன்னேன்) ஆகும்போது நடுவில் இருந்த அலிஃப் எங்கே போனது என்பதற்கும் விடை வேரில்தான், க-வ-ல.

வேலைக்குப் போய்க்கொண்டே தனியாகப் படிப்பவர் மதீனா முதல் பாகத்தில் தொடங்குவதே நல்லது. 23 பாடம், பாடத்துக்கு மூன்று நாள் என்றால் 70 நாளில் முடியும். பத்தாம் பாடம் தாண்டியதும் ‘ஃபஅல’ (செய்தான்) வாய்பாட்டின் 14 இறந்தகால வடிவங்களை நாளுக்கு இரண்டாக வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். முதல் பாகம் முடிந்த பிறகு ஆஜுர்ரூமிய்யாவை எடுத்தால், ஏற்கெனவே வாயில் பழகிய வாக்கியங்களுக்கு அது காரணம் சொல்லத் தொடங்கும். முழுநேர மதரஸா மாணவருக்கு இந்தச் சுற்று தேவையில்லை. தினமும் உஸ்தாத் முன்னால் உட்காரும் அவருக்கு ஆஜுர்ரூமிய்யாவே போதும், ஸர்ஃபு நூல் ஒன்று கூடவே ஓட வேண்டும், அவ்வளவுதான்.

எந்தப் பாதையானாலும் படிக்கும்போது கடைசி ளம்மாவையும் (உகரம்) கஸ்ராவையும் (இகரம்) விழுங்காமல் உச்சரிக்க வேண்டும். ஓதலில் வக்ஃபு (நிறுத்தம்) செய்து பழகிய நாக்கு எல்லாவற்றையும் ‘கிதாப்’, ‘பைத்’ என்றே நிறுத்தும். தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். இதயத்தைக் குறிக்கும் ‘கல்ப்’ காஃபில் தொடங்குகிறது, நாயைக் குறிக்கும் ‘கல்ப்’ கேஃபில். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்.