முதிய நாய்களுக்கான பயிற்சிச் சேவை: ஹட்டனில் ஒரு மிருக வைத்திய நிலையம்

12 வயதான எங்கள் மணி, தேயிலைத் தோட்டக் குடியிருப்பான லயத்து வாசற்படியில் பின்னங்கால்கள் நடுங்க நின்று, ஏற முடியாமல் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகே அவனை இங்கே கொண்டு சென்றேன். வைத்தியர் உடனே மருந்து எழுதவில்லை. அவனை முற்றத்தில் நடக்கவிட்டு, இரு தொடைகளின் சுற்றளவையும் நாடாவால் அளந்து குறித்துக்கொண்டார். வயதாகும்போது தசை கரைவதும் மூட்டுத் தேய்வதும் சேர்ந்தே வருகின்றன என்றும், வலிக்குப் பயந்து நாய் அசையாமல் கிடந்தால் அதனாலேயே தசை மேலும் கரையும் என்றும் பொறுமையாக விளக்கினார்.

பயிற்சி எளியது. நாளுக்கு மூன்று முறை, பத்து நிமிடம், கயிற்றில் பிடித்தபடி மெதுவான நடை. இரண்டு வாரத்துக்குப் பின் தேயிலை மலைப்பாதையில் சிறு ஏற்றம். குளிர்ந்த காலைகளில் நடைக்கு முன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். சோற்றின் அளவையும் குறைத்தார்கள். 48 லாப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002இல் வெளியான ஆய்வில், 25 சதவீதம் குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன; மூட்டு நோயும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. மனிதருக்கான வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது என்ற எச்சரிக்கை, எங்கள் தோட்டத்தில் பலரும் கேட்க வேண்டியது.

காத்திருக்கும் அறையின் வழுக்கும் தரை பெரிய குறை. தளர்ந்த கால்களுக்கு அங்கே ஒரு ரப்பர் விரிப்பாவது அவசியம்.

ஆறு வாரங்கள் கழிந்துள்ளன. மணி இரண்டு படிகளைத் தானாக ஏறுகிறான். மூன்றாவதற்கு மட்டும் என் கை வேண்டியிருக்கிறது.