புரை எடுத்த கண் மறுபடி மங்கினால்: புதுக் கண்ணாடியா, லேசரா?

வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்து மூன்று வருடம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மெல்ல ஒரு பனிப்புகார் படிந்தது. இரவில் காங்கேசன்துறை வீதியால் சைக்கிளில் வரும்போது, எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் விளக்குமாற்றை விரித்துப் பிடித்தது போலச் சிதறும்.

"புரை திரும்ப வந்திட்டுது" என்றார்கள் ஊரில். எடுத்த புரை திரும்ப வராது. புரை படிந்த பழைய வில்லையை எடுக்கும்போது அதைச் சுற்றியிருந்த மெல்லிய பையை உள்ளேயே விடுகிறார்கள். புது லென்ஸ் அதற்குள்தான் உட்காரும். மிஞ்சிய கலங்கள் அந்தப் பையின் பின்சுவரில் பரவி அதை மங்கச் செய்கின்றன. சிலருக்குச் சில மாதங்களில் வரும், சிலருக்கு வருடங்கள் கழித்து.

நான் முதலில் போனது கண்ணாடிக் கடைக்கு. கண்ணுக்குள் லேசர் என்றதும் வந்த பயம் ஒன்று. "கண்ணாடியை மாத்திப் பாருங்கோவன்" என்ற மனைவியின் சொல் மற்றது. கண்ணாடியில் ஆபத்தில்லை, பிடிக்காவிட்டால் கழற்றி வைக்கலாம். பவர் மட்டும் மாறியிருந்தால் அதுவே போதும். எனக்கு எழுத்து சற்றுக் கறுப்பானது, புகார் அப்படியே இருந்தது. யன்னல் அழுக்காக இருக்க, மூக்குக் கண்ணாடியை மாற்றி என்ன பயன்?

லேசருக்குப் போன அன்று சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்தார்கள். நாடியை ஊன்றி உட்கார்ந்தால், கண்மேல் ஒரு சிறு கண்ணாடி வில்லையை வைத்துப் பிடித்தார் டொக்டர். ஒரு சிவப்புப் புள்ளி, 'டிக் டிக்' என்ற சத்தம். நோவு இல்லை. சில நிமிடத்தில் முடிந்தது. உண்மையான பாடு வெளியே வந்த பிறகுதான்: விரிந்த கண்மணியோடு யாழ்ப்பாணத்து மத்தியான வெயில்! ஓட்டோவுக்குள் லேஞ்சியால் கண்ணை மூடிக்கொண்டே வீடு வந்தேன்.

இது யாக் லேசர். நீரிழிவுக்காரருக்கு விழித்திரையில் அடிக்கும் லேசர் வேறு; இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இது எரிப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத ஒளித்துடிப்பால் பின்சுவரின் நடுவில் 3, 4 மில்லிமீற்றர் அளவுக்கு ஒரு வாசல் திறக்கிறது. 1980களில் இது பரவுவதற்கு முன் கத்தியோ ஊசியோ கொண்டுதான் கிழித்தார்கள்.

அந்த வாசல்தான் என் முடிவைத் தீர்மானித்தது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அது திறந்தபடியே இருக்கும். திரும்பத் திரும்பச் செய்யத் தேவையில்லை. ஆனால் வேண்டாமென்றால் மூடவும் முடியாது. வைத்த லென்ஸ் ஒத்துவராமல் பின்னால் மாற்ற நேர்ந்தால், பின்சுவர் திறந்த கண்ணில் அது கடினமான ஒப்பரேஷன். ஆகவே மங்கலுக்குக் காரணம் பைதான், லென்ஸோ விழித்திரையோ அல்ல என்பது முதலில் உறுதியாக வேண்டும். விழித்திரையின் நடுவில் வீக்கம் இருந்தால் இந்த லேசரால் பார்வை தெளியாது. என் டொக்டர் அதைப் பார்த்து முடித்த பிறகுதான் திகதி தந்தார்.

அடுத்த நாளே புகார் விலகியது. பதிலுக்குக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. சோற்றுக் கோப்பைக்கு மேல் இலையான் என்று நினைத்து இரண்டு தரம் கையை வீசினேன், மனைவி சிரித்தா. இரண்டு கிழமையில் குறைந்துவிட்டது. முதல் சில மணி நேரத்தில் கண்ணின் அழுத்தம் ஏறக்கூடும் என்று என்னை இருத்தி வைத்து அளந்தார்கள். அரிதாக விழித்திரை கழலலாம், கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்குக் கூடுதலாக. மின்னல் வெட்டினாலோ, புள்ளிகள் திடீரென்று பெருகினாலோ, திரை இறங்கினாலோ அன்றைக்கே ஓட வேண்டும். எனக்கு எட்டு மாதம் ஒன்றுமில்லை. எட்டு மாதம் பெரிய அனுபவமில்லை, சரி.

செலவு தெரிந்த கதைதான்: அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை, திகதிக்குக் காத்திருக்க வேண்டும், தனியாரில் மறுபக்கம்.

இப்போது, புரை எடுத்த இடது கண்ணிலும் அதே புகார் மெல்லத் தொடங்கியிருக்கிறது. பேப்பர் வாசிக்கலாம், இரவில் சைக்கிளும் ஓடலாம். அதனால் அதை இன்னும் தொடவில்லை. அவசரப்பட்டு வாங்கிய கண்ணாடியோ லேசருக்குப் பிறகு ஒத்துவரவில்லை. மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.