கார் பேஸ் கிழிகிறதா? அடுத்த பொருளை வாங்கும் முன் மீட்டரை வைக்கச் சொல்லுங்கள்

மதுரையில் ஒரு கார் ஆடியோ கடையில் நான் 40,300 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். காருக்கு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி), சப்வூஃபர் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) வைக்க நினைப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் பழைய ஸ்விஃப்ட்டில் ஆம்ப், 12 அங்குல சப்வூஃபர், முன் கதவு இரண்டுக்கும் ஸ்பீக்கர், வயரிங், கூலி எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய் ஆனது. முதல் நாளே பேஸ் மெலிதாகத்தான் இருந்தது. சொன்னேன். கடைப் பையன் டிக்கியைத் திறந்து ஆம்ப்பில் எதையோ திருகினான். சத்தம் கூடியது, எனக்கும் சந்தோஷம். இரண்டே நாளில் பாதி வால்யூமுக்கு மேல் வைத்தால் தவில் தோல் கிழிந்த மாதிரி ஒரு கரகரப்பு.

திரும்பப் போனேன். "புது ஸ்பீக்கர் சார், இருபது நாள் ஓடினா செட் ஆயிடும்" என்றார் முதலாளி. ஆகவில்லை. அடுத்த முறை, மின்சாரத்தைச் சேர்த்து வைத்துத் தரும் கெபாசிட்டர் போட வேண்டும் என்று 3,800. அதற்கடுத்து சப்வூஃபரின் பெட்டி சரியில்லை என்று 5,500. மூன்று முறை போயும் ஒருவர்கூட வோல்ட் அளக்கும் மீட்டரைக் கையில் எடுக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான். என்ன கோளாறு என்று பார்க்காமலே அடுத்த பொருளை விற்றார்கள். கடைசியில் ஒரு நாள் டிக்கியிலிருந்து கருகல் வாடை வந்தது, சப்வூஃபர் அடங்கிவிட்டது. "நீங்க அதிகமா சத்தம் வச்சுட்டீங்க, வாரண்டி வராது" என்றார்கள்.

எங்கள் தெருவில் முன்பு ரேடியோ ரிப்பேர் பார்த்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். முதலில் கதவு ஸ்பீக்கர்களைக் கழற்றி, அதன் வயரில் 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார். இடது கதவில் கூம்பு வெளியே தள்ளியது. வலது கதவில் உள்ளே இழுத்தது. பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது! ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். முதல் நாள் பேஸ் மெலிந்ததற்குக் காரணம் அதுதான். இரண்டு வயரை மாற்றினால் தீர்ந்திருக்கும் விஷயம். அதை மறைக்க அவர்கள் ஆம்ப்பின் கெயினைக் கடைசி வரை முறுக்கி, பேஸை மட்டும் கூட்டும் பேஸ் பூஸ்ட் திருகையும் முழுக்க ஏற்றியிருக்கிறார்கள்.

கெயின் என்பது வால்யூம் இல்லை. பாட்டு போடும் செட்டிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்துவதற்கான திருகு அது. அளவுக்கு மீறி ஏற்றினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். நமக்குக் கரகரப்பாகக் கேட்பது அந்த வெட்டு. அப்படியே ஓட்டினால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் சூடேறிக் கருகும். என் சப்வூஃபர் போனது இப்படித்தான்.

அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, பாட்டைப் போட்டு மீட்டரை வைத்தார். பேட்டரியில் 14 வோல்ட். பேஸ் அடிக்கும்போது ஆம்ப்பில் 10.8. நடுவில் 3.2 வோல்ட் எங்கே போனது? எர்த் பக்கம், அதாவது வண்டியின் உடம்போடு சேரும் மைனஸ் பக்கம் 1.9, பவர் வயரில் 1.3. எர்த் வயரை சீட் போல்ட்டில் பெயின்ட்டைச் சுரண்டாமலே முறுக்கியிருந்தார்கள். பவர் வயர் வெளியே பார்க்க விரல் தடிமன், உள்ளே மெலிந்த கம்பி. அண்ணன் பிளேடால் ஓர் இழையைச் சுரண்டிக் காட்டினார், செம்புப் பூச்சுக்குள் வெள்ளையாக அலுமினியம். "காப்பர் காசு வாங்கிட்டு இதைப் போட்டிருக்காங்க தம்பி" என்றார். மின்சாரமே பற்றாத ஆம்ப் சீக்கிரமே வெட்டத் தொடங்கும். கெபாசிட்டர் வைத்து இதைச் சரிசெய்ய முடியாது.

ஆம்ப் பெட்டியில் 3000 வாட் என்று போட்டிருக்கிறது. அதிலுள்ள ஃபியூஸ் 30 ஆம்பியர். 14 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போவதே 420 வாட், அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள், ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட் எவ்வளவு என்று கேளுங்கள்.

கடைக்குப் போய் இத்தனையும் காட்டினேன். "வெளியாள் கை வச்சுட்டாரு சார், நாங்க பொறுப்பில்ல" என்று முடித்துக்கொண்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம் என்று உட்கார்ந்தபோதுதான் என்னிடம் பில்லே இல்லை என்பது உறைத்தது. அவர்கள் தந்தது கடைப் பெயர்கூட இல்லாத வெள்ளைச் சீட்டு. ஜிஎஸ்டி பில் கேட்காதது என் தவறு, நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

நல்ல செம்பு வயருக்கு 2,200, அண்ணனுக்குக் கூலி 600, வேறொரு கடையில் புது சப்வூஃபர். பேஸ் பூஸ்ட் பூஜ்யம், சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலி மட்டும். செட் வால்யூமை முக்காலில் வைத்து, கெயினைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, கரகரப்பு தொடங்கும் இடத்திலிருந்து சற்றுக் குறைத்தார். இப்போது ஆம்ப்பில் 13.6 வோல்ட் நிற்கிறது. பேஸ் சுத்தமாக இருக்கிறது. அதே ஆம்ப், அதே கதவு ஸ்பீக்கர்கள்தான்.

கடையில் வண்டியை எடுக்கும் முன் டிக்கியைத் திறந்து, எர்த் பிடித்த இடத்தில் தகரம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வயர் நுனியைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். பாட்டு ஓடும்போது ஆம்ப்பில் எத்தனை வோல்ட் என்று உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். மீட்டர் இல்லை என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.