ஹயர் வேனுக்கு ரேஸ் கன்வேர்ட்டர் போட்டுக் கொடுத்தார்கள்: மலைநாட்டில் ஓட்டோ கியர் வாகனம் வைத்திருப்பவர்கள் கவனம்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் ஓட்டோ கியர் வேன் வைத்துப் பிழைக்கும் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

என்னுடையது பழைய டொயோட்டா பெற்றோல் வேன். ஹயர் ஓடித்தான் வீடு நடக்கிறது. போன வருடம் கியர் விழும்போது நடுக்கம் வந்தது. டோர்க் கன்வேர்ட்டர், அதாவது என்ஜின் சுற்றுவதைக் கியர் பொக்ஸுக்குக் கொடுக்கும் சாமான், போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். தெரிந்த ஒருவர் சொல்லி ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே பாஸ் ஒரு கன்வேர்ட்டரைக் காட்டி, "தம்பி, இது ஸ்டோல் கூட்டிச் செஞ்சது. ரேஸ் காருக்குப் போடுறது. ஏத்தத்துல பாருங்க, பிச்சிக்கிட்டுப் போகும்" என்றார். (ஸ்டோல் என்பது, வண்டியை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு முழுவதும் மிதித்தால் என்ஜின் எட்டும் சுற்று.) கூலியோடு ஒரு லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். எந்த ரோட்டில் ஓடுகிறேன், எத்தனை பேரை ஏற்றுகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் ஏற்றம் என்ற சொல் போதுமாக இருந்தது.

முதல் நாள் சந்தோஷம்தான். நின்ற இடத்திலிருந்து மிதித்தால் வேன் துள்ளிக்கொண்டு கிளம்பியது. மூன்றாம் நாள் கொட்டகலை ஏற்றத்தில் ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டினேன். பனிமூட்டம், முந்த வழியில்லை. என்ஜின் நிமிடத்துக்கு 2800 சுற்றில் அலறுகிறது, வேனோ நடக்கிற வேகத்தில் ஊர்கிறது. மிதிப்பதற்கும் நகர்வதற்கும் நடுவில் ஏதோ நழுவுவது காலுக்கே தெரிந்தது. லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடிய வேன் 6-க்கு இறங்கியது. ஒரு மாதம் கழித்து கியர் பொக்ஸ் ஒயில் கம்பியை இழுத்து வெள்ளை டிஷ்யூவில் துடைத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் பிளேன்டீ நிறத்தில் இருந்தது, கருகிய வாடை வேறு.

அதுவும் போகட்டும். என்னைப் பயப்படுத்தியது இறக்கம்.

எங்கள் தோட்டத்துப் பெரியம்மா ஒருவரை மாதாமாதம் கண்டிக்கு கிளினிக் கூட்டிப்போவேன். கினிகத்தேனையிலிருந்து நாவலப்பிட்டிப் பக்கம் இறங்கும்போது எப்போதும் போல 2ஆம் கியரில் போட்டேன். முன்பெல்லாம் அந்தக் கியரில் என்ஜினே வேனைப் பிடித்து இழுத்து வைக்கும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கலாம். அன்று பிடிப்பே இல்லை. நியூட்ரலில் விட்டதுபோல ஓடுகிறது. வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தேன். பாதி இறக்கத்தில் பின் சீட்டிலிருந்து பெரியம்மா, "தம்பி, ஏதோ கருகுதே" என்றார். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்திலிருந்து புகை. பிரேக் மிதி கொஞ்சம் பள்ளமாக இறங்கத் தொடங்கியிருந்தது. அரை மணித்தியாலம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்பினோம். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

அப்புறம் கம்பளையில் கியர் பொக்ஸ் வேலை மட்டும் செய்கிற வயதான பாஸ் ஒருவரிடம் போனேன். அவர் இரண்டு பிரேக்கையும் பிடித்து, கியரில் போட்டு, முழுவதும் மிதித்து நான்கைந்து செக்கன் பார்த்தார். முள் 3100-இல் நின்றது. அதுதான் ஸ்டோல் என்றார். (இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். 5 செக்கனைத் தாண்டினால் அந்தச் சூட்டிலேயே கியர் பொக்ஸ் போய்விடக்கூடும்.) கம்பனியிலிருந்து வந்தபடியே இருந்தால் என் வேனுக்கு 2000-ஐ ஒட்டித்தான் நிற்க வேண்டுமாம்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கன்வேர்ட்டருக்குள் என்ஜின் பக்கம் ஒரு விசிறி, கியர் பக்கம் ஒரு விசிறி, நடுவில் ஒயில். முதல் விசிறி தள்ளும் ஒயில்தான் இரண்டாவதைச் சுற்றுகிறது. ஸ்டோல் கூட்டுவது என்றால் இந்தப் பிடிப்பைத் தளர்த்துவது. 3000 ஸ்டோல் என்றால் 3000 வரும்வரை வண்டி நகராது என்று அர்த்தமில்லை, நகரும். ஆனால் அதற்குக் கீழே ஓடும் நேரமெல்லாம் நிறைய நழுவும், நழுவுகிற சக்தி முழுவதும் சூடாகி ஒயிலில் இறங்கும். 80, 90 பாகையில் இருக்க வேண்டிய ஒயில் அதற்கு மேலே ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது இந்த வேலைக்காரர்களின் கணக்கு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். டர்போ இல்லாத என்ஜினுக்கு அங்கே பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போல குறைந்துவிடும். அதனால் இன்னும் மிதிக்கிறோம், இன்னும் நழுவுகிறது. இறக்கத்திலும் அதே கதைதான்: சக்கரம் என்ஜினைச் சுற்றப் பார்க்கும்போது நடுவில் ஒயில் வழுக்கிவிடுகிறது, என்ஜின் பிரேக் கிடைப்பதில்லை. எனக்குப் போட்டதில் லொக்-அப்பும் (ஓடும்போது இரண்டு பக்கத்தையும் நழுவாமல் சேர்த்துப் பூட்டும் அமைப்பு) இல்லை. மட்டமான ரோட்டில் டொப் கியரில்கூட நழுவிக்கொண்டேதான் ஓடியிருக்கிறது.

சாமானைக் குறை சொல்ல முடியாது. ஏப்ரலில் நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார் போட்டிக்கு வரும் கார் மாதிரி, கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) மாற்றி, மேல் சுற்றில் மட்டும் பலம் வரும் என்ஜினுக்கு அது சரி. அந்தக் கார் ஏறி முடித்ததும் நின்றுவிடும். எட்டுப் பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு தினமும் ஏறி இறங்குகிற வேனுக்கு அது எமன்.

முதல் கராஜுக்குத் திரும்பிப் போனேன். "நீங்க ஓட்டுற விதம் சரியில்ல" என்றார்கள். ஒயில் கூலர் ஒன்று போட்டால் சரியாகும், இன்னும் 25 ஆயிரம் ஆகும் என்றார்கள். கூலர் சூட்டைக் குறைக்கும், இறக்கத்தில் பிடிப்பைக் கொடுக்குமா? அதற்குப் பதில் இல்லை. என் பழைய கன்வேர்ட்டரைக் கேட்டேன், இரும்புக்குப் போட்டாச்சாம். பில்லில் "கன்வேர்ட்டர் 1" என்று மட்டும் இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போனால், முறைப்பாட்டை எழுத்தில் 3 மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். நான் போனபோது நான்கு மாதம் தாண்டியிருந்தது. பிள்ளையின் ஸ்கூல் செலவுக்கு வைத்திருந்த காசு அது.

கன்வேர்ட்டர் மாற்றப் போகிறவர்கள் தயவுசெய்து ஸ்டோல் எத்தனை சுற்று, லொக்-அப் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானை கையோடு கொண்டுவாருங்கள், ரீபில்ட் செய்ய உதவும். ரேஸ் என்ற சொல் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டு, 2ஆம் கியரில் இறக்கத்தில் வண்டி பிடிக்காமல் ஓடுகிறது என்றால், மாற்றும்வரை ஆட்களை ஏற்றிக்கொண்டு ரம்பொடையோ கினிகத்தேனையோ இறங்காதீர்கள்.

கம்பளை பாஸ் கம்பனி ஸ்டோலில் ஒன்றைத் தேடிப் போட்டுத் தந்தார், ஒயிலும் மாற்றினார். போன வாரம் அதே இறக்கத்தில் 2ஆம் கியரில் விட்டேன். என்ஜின் உறுமிக்கொண்டு பிடித்தது. பெரியம்மா நாவலப்பிட்டி வரை தூங்கிக்கொண்டு வந்தார்.