கையில் பட்டையா, தொப்புளில் குழாயா?

தேக்காவிலிருந்து பேரனைப் பார்க்க வந்த பாட்டி கேட்டார்: "மிஸி, பக்கத்துப் பிள்ளைக்குக் கையில பட்டைதான் கட்டியிருக்கீங்க. எங்க பிள்ளைக்கு மட்டும் ஏன் தொப்புள்ல குழாய்?" பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருக்கும் எனக்கு, இதைவிட நல்ல கேள்வி வந்ததில்லை.

இரண்டும் ரத்த அழுத்தத்தை அளக்கத்தான். பட்டையில் ஊசி இல்லை, ரத்தம் இல்லை. அது காற்றால் ஊதித் தமனியை அழுத்தும். காற்று இறங்கும்போது துடிப்பின் அதிர்வு எங்கே உச்சமோ, அதுதான் சராசரி அழுத்தம். மேல் எண்ணும் கீழ் எண்ணும் கருவி கணக்குப் போட்டுச் சொல்பவை. அதனால்தான் திரையில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சராசரியை முதலில் பார்ப்பேன்.

பட்டையின் அகலம் கைச் சுற்றளவில் ஏறக்குறைய பாதி இருக்க வேண்டும். சின்னதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், பெரிதாக இருந்தால் குறைவாகக் காட்டும். 1 முதல் 5 வரை அளவுகள் உண்டு. குழந்தையின் எடையை வைத்து ஊகிக்காமல் டேப் வைத்து அளப்பதுதான் சரி. அப்புறம் பொறுமை. பட்டை கட்டியதும் குழந்தை நெளியும், முகம் சுளிக்கும். அந்த நேரத்து எண்ணை நான் நம்புவதில்லை. கால் மணி நேரம் அடங்கவிட்டு, 2 நிமிட இடைவெளியில் 3 முறை எடுத்தால் நிஜம் தெரியும்.

குழாய் வேறு ரகம். தொப்புள்கொடியின் இரண்டு தமனிகளில் ஒன்றின் வழியே போய், ஒவ்வொரு துடிப்பையும் அலையாகக் காட்டும். பரிசோதனைக்கான ரத்தமும் அதிலேயே கிடைப்பதால் குதிகாலில் குத்தும் வேலை குறையும். ஆனால் ரத்தக்கட்டு, கிருமித்தொற்று, காலுக்கு ரத்தம் குறைதல் எல்லாம் வரலாம். கால்விரல்களின் நிறத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்போம். குழாயில் ஒரு சின்னக் காற்றுக்குமிழ் இருந்தாலே அலை மழுங்கிவிடும், மேல் எண் பொய்யாக இறங்கும்.

மூன்றாவதாக, ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் கண்டறியும் டாப்ளர் கருவியும் உண்டு. அது மேல் எண்ணை மட்டுமே தரும். தீவிர சிகிச்சைக்கு அது போதாது.

எதைத் தேர்ந்தெடுப்பது? 26 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் நாளில் சராசரி 26க்குக் கீழே போகக் கூடாது என்பது பல காலமாகப் பின்பற்றும் கைக்கணக்கு. சிக்கல் என்னவென்றால், அழுத்தம் உண்மையிலேயே தாழ்ந்திருக்கும் குட்டிக் குழந்தைகளிடம் பட்டை கூடுதலாகக் காட்டக்கூடும். திரையில் 28 என்று வரும், நாமும் நிம்மதியாகிவிடுவோம். அந்த நிம்மதிக்குத்தான் நான் பயப்படுகிறேன். அப்படிப்பட்ட குழந்தைக்குக் குழாய்தான் வேண்டும் என்பேன். சிறுநீர் சரியாகப் போகிறதா, தோலை அழுத்திவிட்டால் நிறம் சட்டென்று திரும்புகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நிலைமை சீரானதும் குழாயை ஒரு நாள்கூட வீணாக வைத்திருக்கக் கூடாது. மற்ற குழந்தைகளுக்கு, அளவு சரியான பட்டையே போதும். ஆனால் ஒரு நாள் கையிலும் மறுநாள் காலிலும் எடுத்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம்.

பாட்டியின் பேரனுக்கு நான்காம் நாள் குழாயை எடுத்தோம். இப்போது வலது கையில் 1ஆம் எண் பட்டை.