அம்பாசடரின் பின்சீட்டுக்குப் பாட்டு: பழைய ஒயரா, புது ஒயரா, எந்த வழியாக?

தேவகோட்டை வீட்டுக் கார் கொட்டகையில் ஐயா வாங்கிய அம்பாசடர் நோவா நிற்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் சும்மாதான் நிற்கும். கல்யாணம், காதுகுத்து, கோயில் படைப்பு என்று பங்காளிகள் ஊருக்கு வரும்போது ஓடும். பெரியவர்கள் எப்போதும் பின்சீட்டில்தான். போன தையில் பிள்ளையார்பட்டிக்குப் போகும்போது அப்பத்தா, "முன்னாடி மட்டுந்தானப்பா பாடுது, இங்கன ஒண்ணும் கேக்கலையே" என்றார்கள். பின்னால் ஸ்பீக்கர் போடும் வேலை அப்படித்தான் தொடங்கியது.

ஒரு பகலில் முடிகிற வேலை. ஆனால் எந்த ஒயர், எந்த வழி என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். முதல் யோசனை, இருக்கிற ஒயரையே வைத்துக்கொள்வது. கேசட் காலத்தில் போட்டது பின்னால் வரை போகிறதே, எதற்குத் திரும்பச் செலவு என்பார்கள். நானும் அதற்குத்தான் சம்மதித்தேன். ஒரு கடையில் புது ஸ்டீரியோ செட்டைப் பழைய ஒயரோடு முறுக்கி, டேப் சுற்றிக் கொடுத்தார்கள். போட்டதும் ஒரு நொடி பாடும், அப்புறம் தானே அணைந்துவிடும்.

பின்கண்ணாடிக்குக் கீழே ஸ்பீக்கர் உட்காரும் பார்சல் தட்டைக் கழற்றிய பிறகுதான் காரணம் தெரிந்தது. முன்பு பல கேசட் செட்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் முனையை வண்டியின் இரும்பு பாடியிலேயே சேர்த்துவிடலாம். ஸ்பீக்கருக்கு ஒரே ஒயர் போதும். எங்கள் வண்டியிலும் பின்னால் போனது இரண்டே ஒயர். மைனஸ் இரண்டும் தகட்டில் ஸ்க்ரூ போட்டு முடிந்திருந்தன. இன்றைய செட்டுகளின் வேலை வேறு. ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் சுமார் 6 வோல்ட்டில் நிறுத்தி, ஒன்றை ஏற்றும்போது மற்றதை இறக்கித்தான் பாட்டை ஓட்டுகின்றன. அதில் ஒரு முனை பாடியைத் தொட்டாலே உள்ளே ஸ்பீக்கரை ஓட்டும் சில்லான ஐசிக்கு அது ஷார்ட். செட்டில் பாதுகாப்பு இருந்தால் அணைந்துகொள்ளும், இல்லாவிட்டால் ஐசி போய்விடும்.

பழைய ஒயரைத்தான் வைத்துக்கொள்வேன் என்பவர்கள், செட்டிலிருந்து கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் அதன் இரண்டு ஒயர்களுக்கு நடுவே 3 முதல் 4 ஓமுக்குள் காட்டும். எந்த ஒயரும் பாடியோடு எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் அந்த ஒயரை மறந்துவிடுங்கள். காட்டாவிட்டாலும் எலி இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடும் ஓடாத வண்டியும் எலிக்குச் சொந்த வளவு மாதிரி. எங்கள் பழைய ஒயரில் மூன்று இடங்களில் செம்பு பளிச்சென்று தெரிந்தது. புது ஒயர்தான் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

சரி, எந்த வழி? வண்டிக்கு அடியில், பிரேக் பைப் போகிற பாதையிலேயே கட்டிவிடலாம் என்றார் ஒருவர். சைலன்சர் சூடு, தெறிக்கிற கல், செம்மண் சேறு எல்லாம் அங்கேதான், வேண்டாம். நடுவில் மேடாகப் போகும் டனல் வழிதான் மிகக் குறுகிய தூரம். ஆனால் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் கால் அதன்மேல்தான். மிதிபட்டே ஒயர் நைந்துவிடும்.

உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்குள்தான்: உச்சித் துணிக்கு மேலே, கதவுப்படி ஓரமாக. உச்சி வழியில் தண்ணீர் வராது, கால் படாது. அந்த வகையில் அதுவே சிறந்தது. ஆனால் அம்பாசடரின் உச்சித் துணி கம்பி வளைவுகளில் கோத்து, ஓரத்தில் இழுத்து ஒட்டியது. முப்பது வருஷ வெயிலில் வெந்த துணியை ஓரத்தில் பிரித்தாலே கிழிகிறது. குஷன் கடைக்காரரைக் கூப்பிட வேண்டிவரும். எப்படியும் துணி மாற்றப் போகிறீர்கள் என்றால் அந்த நாளிலேயே ஒயரையும் போட்டுவிடுங்கள். ஸ்பீக்கருக்காக மட்டும் நல்ல துணியில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் எடுத்தது படி ஓர வழி. டேஷ்போர்டுக்குக் கீழிருந்து இடப்பக்கம் இறங்கி, கதவுப்படி ஓரமாக ஓடி, பின்சீட் மெத்தைக்கு அடியில் நுழைந்து, சாய்மானத்துக்குப் பின்னால் டிக்கிக்குள் ஏறி, பார்சல் தட்டில் முடிகிறது. குறுகலான இடங்களில் சைக்கிள் பிரேக் கம்பியை முதலில் விட்டு, அதன் முனையில் ஒயரைக் கட்டி இழுத்தேன். இந்த வழியின் குறை தண்ணீர். கதவோரத்துப் பழைய ரப்பர் பீடிங் வழியாக ஐப்பசி மழை உள்ளே இறங்கி மிதியடிக்கு அடியில் நிற்கும். அதனால் ஒயரைத் தரையில் படுக்கப் போடாமல், வளையும் குழாய்க்குள் விட்டு, தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் கட்டினேன். நடுவில் ஒரு ஜாயின்ட்டும் கிடையாது. தகட்டுத் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். முனைகளில் கறுப்பு டேப் வேண்டாம். சித்திரை வெயிலில் பசை உருகி அவிழ்ந்துவிடும். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

ஒயர் கனத்துக்கு அதிகம் கவலை வேண்டாம். கடையில் 14/36, 23/36, 40/36 என்று கேட்பார்கள். முதல் எண் இழைகள், இரண்டாவது ஒவ்வோர் இழையின் கனத்தைச் சொல்லும் கேஜ் எண். 5 மீட்டர் போய்த் திரும்பினால் 14/36 ஒயர் சுமார் 0.4 ஓம் தடை தரும், 23/36 கால் ஓம், 40/36 அதிலும் குறைவு. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 23/36 போதும். நான் 40/36 போட்டேன், கடித்தாலும் இழுத்தாலும் கொஞ்சம் தாங்கட்டும் என்று. கனத்தைவிட உலோகத்தைப் பாருங்கள். விலை மலிவான சில ஒயர்கள் செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம். பிளேடால் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். தடை ஒன்றரை மடங்குக்கு மேல் போகும், ஈரம் பட்டால் முனையில் அரிக்கும். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் அரிமானத்தையே ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி நிற்கிறது, பக்கத்துக் காரைக்குடியில்தான். அந்த ஊர்க் கடையிலேயே எனக்கு முதலில் அலுமினியத்தைத்தான் நீட்டினார்கள்.

டிக்கியில் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைக்கலாமா என்றும் கேட்பார்கள். செட்டின் மேல் 50 வாட் என்று போட்டிருந்தாலும் ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையில் கிடைப்பது 20 வாட் அளவுதான். பெரியவர்கள் பாட்டுக் கேட்க அதுவே தாராளம். ஆம்ப் என்றால் பேட்டரியிலிருந்து கனமான பவர் ஒயர், அதில் பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ், சிக்னல் ஒயர் மறுபக்கமாக என்று வேலை இரட்டிப்பாகும். டைனமோ உள்ள இன்னும் பழைய வண்டிகளில் ஆம்ப் நினைப்பே வேண்டாம். வண்டி நின்றபடி ஓடும்போது டைனமோ சார்ஜ் ஏற்றாது. ஒயரே இல்லாமல் ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பார்சல் தட்டில் வைப்பவர்களும் உண்டு. இறங்கும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டால் பரவாயில்லை. பின்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் லித்தியம் பேட்டரியை விட்டுப் போவது ஆபத்து.

தட்டை மூடுவதற்கு முன் ஒரு சோதனை. செட் பக்கத்து முனையில், 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கர் பிளஸ் ஒயரிலும் மைனஸ்ஸை மைனஸிலும் ஒரு கணம் தொடுங்கள். ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ள வேண்டும். இரண்டில் ஒன்று உள்ளே போனால் அதன் ஒயர்களை மாற்றிப் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்து, மிருதங்கத்தின் தொப்பிச் சத்தமே பின்சீட்டில் கேட்காது.