ஜவ்வாது மலையில் பிணந்தின்னிக் கழுகு காட்டுகிறேன் என்றால் பணம் கட்டாதீர்கள்

வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு. "ஜவ்வாது மலையில் ஒரு நாள், பிணந்தின்னிக் கழுகு உறுதி, பைனாகுலர் இலவசம், மதியச் சாப்பாடு உண்டு" என்று ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தலைக்கு 1,800 ரூபாய், முழுப் பணமும் முன்னாடியே ஜிபேயில் போட்டுவிட வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு வந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

அப்பாவுக்காகத்தான் இடம் பிடித்தேன். அவர் வளர்ந்தது ஆம்பூர் பக்கத்துக் கிராமம். செத்த மாட்டை ஊருக்கு வெளியே தோல் உரித்துப் போட்டால், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் கழுகுக் கூட்டம் இறங்கிவிடும், வயிறு முட்டத் தின்றுவிட்டு எழும்ப முடியாமல் தத்தித் தத்தி ஓடும் என்று இப்போதும் சொல்வார். இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசை.

விடிகாலையில் காட்பாடி ஸ்டேஷன் வாசலிலிருந்து வேன் கிளம்பியது. வேன் முழுக்க ஆள், பைனாகுலர் இரண்டே இரண்டு, அதில் ஒன்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை. மலை ஏறவே இல்லை. அமிர்திப் பக்கம் செக்போஸ்ட்டில் வனத்துறைக்காரர் அனுமதிக் கடிதம் கேட்டார், எங்களைக் கூட்டிப்போன ஆள் நீட்டியது ஏதோ பில் புத்தகத்தில் கிழித்த சீட்டு, வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். (அனுமதிக் கட்டணம் என்று எங்களிடம் தனியாக 200 வாங்கியிருந்தார்!) அப்புறம் எங்கே கூட்டிப்போனார் தெரியுமா? பாலாற்றங்கரையில் கோழிக்கழிவு கொட்டும் இடத்துக்கு. மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறோம், மேலே பருந்துகள் வட்டம் போடுகின்றன, "அதோ பாருங்க சார், கழுகு!"

அத்தனையும் நம் ஊர்க் கரும்பருந்து. வால் மீன் வால் மாதிரி பிளந்திருக்கும், திரும்பும்போது அதைத் திருகித் திருகித் திரும்பும். பாறுக் கழுகு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, அப்படி இல்லை, சிறகு பலகையாக அகலம், வால் குட்டை, சிறகை அடிக்காமல் மிதந்துகொண்டே இருக்கும். அப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏம்பா, கழுத்து மொட்டையா இல்லையே?"

"குஞ்சு ஐயா அது, வளர்ந்தா முடி கொட்டிடும்."

செம்பருந்து ஒன்று வந்ததற்கு, அதுதான் ராஜா கழுகு என்றார். பக்கத்து மின்கம்பத்தில் ஒரு வல்லூறு ஓணானைக் காலில் அமுக்கிக்கொண்டு நிதானமாகக் கிழித்துத் தின்றது, சிவந்த கண், நெஞ்சில் துருநிறக் கோடுகள், அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. அதை அவர் கவனிக்கவே இல்லை.

கழுகெல்லாம் ஏன் போச்சு என்று ஒரு பையன் கேட்டதற்கு, செல்போன் டவராம். மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிதான் காரணம் என்பது எப்போதோ தெளிவான விஷயம். ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகு சிறுநீரகம் கெட்டுச் செத்தது. கால்நடைக்கு அந்த மருந்தை 2006இலேயே தடை செய்தும் விட்டார்கள். தமிழ்நாட்டில் பாறுக் கழுகு கூடு கட்டி மிஞ்சியிருப்பது முதுமலை, சத்தியமங்கலம், மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான். வழி தவறி ஒன்று எங்கள் பக்கம் பறந்தாலும் பறக்கலாம், ஆனால் காசு வாங்கிக்கொண்டு "உறுதி" என்று யாராலும் சொல்ல முடியாது. விளம்பரத்தில் இருக்கும் கழுகுக்குப் பின்னால் பனிமலை தெரிகிறது, ஜவ்வாதில் எப்போது பனி விழுந்ததோ!

மதியச் சாப்பாடு ஆளுக்கு ஒரு தயிர்சாதப் பொட்டலம். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், "பறவை நம்ம கையிலயா இருக்கு சார்?" என்றார், மறுநாள் குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன், ஜிபே ரசீதும் அந்த 200 ரூபாய்ச் சீட்டும் பத்திரமாக இருக்கின்றன. உங்களிடமும் இருந்தால் அழிக்காமல் வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள். இப்போது அதே எண்ணிலிருந்து "ஏலகிரியில் கழுகு" என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் சேர்க்கிறார்கள், கட்டணத்தையும் 2,000 ஆக்கிவிட்டார்கள்.